சான் ஹுவான் எல் மோரோ கோட்டை: எழுபது தாண்டிய அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

மழைக்குருவி:
எல்லாருக்கும் வணக்கம். நியூஜெர்சியில் இருக்கிறோம். அப்பா அம்மா ஊரிலிருந்து வந்து இரண்டு மாதம் ஆகிறது. குளிரில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்து இருவருக்கும் சலித்துவிட்டது. நாலு நாள் புவேர்ட்டோ ரிக்கோ போய் வரலாம் என்று நினைக்கிறேன். கடற்கரை எல்லாம் அம்மாவுக்கு. அப்பாவுக்கு அங்கே சான் ஹுவான் நகரில் இருக்கும் எல் மோரோ என்ற அந்தப் பெரிய ஸ்பானியக் கோட்டையைக் காட்ட வேண்டும். அவர் பொதுப்பணித்துறையில் ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய கட்டடம் என்றால் சாப்பாடு மறந்துவிடும். வயது 73, வலது முழங்கால் தகராறு.

என் கேள்விகள்: கோட்டைக்குள் அவரால் நடக்க முடியுமா? அரை நாள் போதுமா? அப்புறம், எனக்கு ஹெச்1பி வேலை விசா, பாஸ்போர்ட்டில் இருக்கும் விசா முத்திரை போன வருடமே காலாவதி ஆகிவிட்டது. அங்கே போனால் திரும்பி வருவதில் சிக்கல் வருமா?

தட்டுக்கடை:
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். புவேர்ட்டோ ரிக்கோ அமெரிக்காவுக்கு உட்பட்ட நிலப்பகுதி. நேரடி விமானத்தில் போனால் அது உள்நாட்டுப் பயணம்தான். முத்திரை காலாவதி ஆனது பிரச்சினை இல்லை. ஆனால் பாஸ்போர்ட், ஐ-797 (ஹெச்1பி ஒப்புதல் கடிதம்), ஐ-94 (அமெரிக்காவுக்குள் நுழைந்த பதிவு) மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது சான் ஹுவான் விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரிகள் சில சமயம் கேட்பார்கள். அப்பா அம்மாவின் பாஸ்போர்ட்டையும் விடுதியில் மறந்துவிட்டு வந்துவிடாதீர்கள்.

ஒன்றே ஒன்று கவனிக்க வேண்டும். மலிவாக இருக்கிறதே என்று வேறு நாட்டு வழியாகப் போகும் விமானத்தையோ, நாலு தீவைத் தொட்டு வரும் உல்லாசக் கப்பலையோ பிடித்தால் கதை வேறு. அப்போது நீங்கள் அமெரிக்காவை விட்டு வெளியே போய் வந்த கணக்கு.

சும்மா_ஒருவன்:
போன வருடம் போய் வந்தேன். உள்ளதைச் சொல்கிறேன். அது ஒரு பெரிய சுவர், நாலு பீரங்கி, நிறைய வெயில். அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு அந்தப் பக்கம் ஐஸ்கிரீம் சாப்பிடப் போய்விட்டோம். முழங்கால் வலியோடு அப்பாவை இழுத்துக்கொண்டு போக வேண்டிய அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

உப்புக்காற்று:
சும்மா_ஒருவன், உங்களோடு சண்டைக்கு வருகிறேன், ஆனால் பிறகு.

மழைக்குருவிக்கு: நான் அங்கே மருந்துத் தொழிற்சாலை வேலையாக இரண்டு வருடம் இருந்தேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் எல் மோரோ கூட்டிப்போவது என் பொறுப்பு. பத்துப் பதினைந்து தடவை போயிருப்பேன்.

தெருவிலிருந்து கோட்டை வாசல் வரைக்கும் பெரிய புல்வெளி. நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. ஏறக்குறைய கால் மைல் நடக்க வேண்டும். தற்செயலாக விட்ட பொட்டல் என்று நினைக்காதீர்கள். தரை வழியாக வருகிறவன் ஒளிந்துகொள்ள இடமே இருக்கக் கூடாது என்று வெட்டவெளியாக வைத்தது. இன்றைக்கு அதில் மாட்டுவது நாம்தான். காலை 9.30க்குத் திறப்பார்கள், அப்போதே போய்விடுங்கள். குடை வேண்டாம், காற்றில் முருங்கைப்பூ மாதிரி மேல்நோக்கி விரிந்துவிடும். தொப்பி என்றால் கழுத்தில் கயிறு கட்டும் வகை. என்னுடைய இரண்டு தொப்பிகள் அட்லாண்டிக்கில் இருக்கின்றன.

கோட்டை ஆறு தளம். ஆனால் பயப்படாதீர்கள், நாம் உள்ளே நுழைவதே மேல்பக்கத் தளம் ஒன்றில். அகழியின் மேல் பாலம், வாசல், உடனே பெரிய முற்றம். முற்றத்தைச் சுற்றி வளைவுக்கூரை அறைகள். அப்பா அங்கேயே ஒரு மணி நேரம் நிழலில் சுற்றலாம், ஏற்ற இறக்கம் அதிகம் இல்லை. கீழ்த்தளங்களுக்குப் போகத்தான் சரிவு. பீரங்கியை ஏற்றி இறக்கப் போட்ட அகலமான சரிவு, நடுவில் படிகள். இறங்கும்போது ஒன்றும் தெரியாது. ஏறும்போது முழங்கால் பேசும்.

நாங்கள் கடைசியாகப் போனபோது ஆளுக்கு 10 டாலர், 15 வயது வரை இலவசம். அதே சீட்டில் 24 மணி நேரத்துக்குள் சான் கிறிஸ்டோபல் கோட்டையையும் பார்க்கலாம். கார்டு மட்டும்தான், ரொக்கம் வாங்குவதில்லை. தேசியப் பூங்கா ஆண்டுச் சீட்டு இருந்தால் அது செல்லும்.

மழைக்குருவி:
ரொம்ப நன்றி உப்புக்காற்று. சான் கிறிஸ்டோபல் வேறா? நான் ஒரே கோட்டை என்றுதான் நினைத்திருந்தேன்.

பழங்கணக்கு:
நல்ல இடத்தில் கேட்டீர்கள். இரண்டு கோட்டை ஏன் என்பதில்தான் முழுக் கதையும் இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல் மோரோ என்றால் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மேட்டு முனை. கோட்டையின் முழுப்பெயர் 'சான் ஃபெலிப்பே டெல் மோரோ', ஸ்பானிய மன்னர் இரண்டாம் ஃபெலிப்பேயின் பெயரால். 1539ல் வேலை தொடங்கியது. துறைமுக வாய் அந்த முனைக்கு நேர் கீழே. உள்ளே வருகிற ஒவ்வொரு கப்பலும் பீரங்கிகளுக்கு அடியில்தான் ஊர்ந்து வந்தாக வேண்டும். இதற்கு முன்பே ஊருக்குள் தள்ளி லா ஃபோர்ட்டலேசா என்று ஒன்றைக் கட்டினார்கள். துறைமுக வாயே சரியாகத் தெரியாத இடம். கண் தெரியாதவன்தான் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருப்பான் என்று ஓவியேடோ என்ற அந்தக்கால வரலாற்றாசிரியர் நக்கலடித்திருக்கிறார். அது ஆளுநர் மாளிகை ஆயிற்று. இன்றைக்கும் ஆளுநர் அங்கேதான் இருக்கிறார்.

1595 நவம்பரில் பிரான்சிஸ் டிரேக் என்ற ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் 27 கப்பலோடு வந்தார். புயலில் அடிபட்ட ஸ்பானியக் கருவூலக் கப்பல் ஒன்று சான் ஹுவானில் ஒதுங்கியிருக்கிறது, அதன் வெள்ளி ஊருக்குள் இருக்கிறது என்று தகவல். ஸ்பானியர்களுக்கும் இவர் வருவது தெரிந்துவிட்டது. துறைமுக வாயில் தங்கள் கப்பல்களையே மூழ்கடித்து வழியை அடைத்தார்கள். முதல் நாளே கரையிலிருந்து வந்த குண்டு ஒன்று டிரேக்கின் அறைக்குள் புகுந்து கூட இருந்தவர்களைச் சாய்த்தது. அவர் தப்பினார். மறுநாள் இரவு படகுகளில் ஆட்களை அனுப்பி உள்ளே நின்ற கப்பல்களுக்குத் தீ வைத்தார். அந்தத் தீயின் வெளிச்சத்தில் படகுகள் பளிச்சென்று தெரிய, பீரங்கிக்காரர்களுக்கு இருட்டு பிரச்சினையே இல்லாமல் போயிற்று. வெள்ளி கிடைக்காமல் திரும்பினார். ஒன்றிரண்டு மாதத்தில் பனாமாக் கரையருகே வயிற்றுப்போக்கில் இறந்துபோனார். அவரோடு வந்த இன்னொரு தளபதி ஹாக்கின்ஸ் சான் ஹுவானை அடையும் முன்பே கப்பலில் இறந்துவிட்டார்.

மூன்றே வருடத்தில், 1598ல், இன்னொரு ஆங்கிலேயர், கம்பர்லண்ட் பிரபு வந்தார். இவர் டிரேக்கிடமிருந்து பாடம் படித்தவர். கடல்வாய்ப் பக்கமே போகவில்லை. கிழக்கே ஆட்களை இறக்கி, தரைவழியாக ஊருக்குள் நடந்து வந்து, எல் மோரோவின் முதுகுப்பக்கம் பீரங்கியை நிறுத்தினார். கோட்டை பணிந்தது. எல் மோரோ எதிரியிடம் விழுந்தது அந்த ஒரு தடவைதான். ஆனால் சில வாரத்துக்கு மேல் அவரால் நிற்க முடியவில்லை. வயிற்றுக்கடுப்பு வந்து நூற்றுக்கணக்கில் ஆட்கள் செத்தார்கள். தோல், சர்க்கரை, இஞ்சி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆமாம், இஞ்சி. அப்போது அந்தத் தீவின் முக்கியப் பயிர்களில் இஞ்சி ஒன்று.

1625ல் டச்சுக்காரர் ஹென்ரிக்ஸ் 17 கப்பலோடு துறைமுகத்துக்குள்ளேயே நுழைந்து ஊரைப் பிடித்தார். ஆளுநர் ஹுவான் டி ஹாரோ ஆட்களோடு எல் மோரோவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சரணடையாவிட்டால் ஊரைக் கொளுத்துவேன் என்று ஓலை வந்தது. திரும்பக் கட்ட மரமும் கல்லும் இருக்கிறது என்ற பொருளில் பதில் போயிற்று. கொளுத்தினார்கள். அங்கே ஆயராக இருந்த பெர்னார்டோ டி பால்புவேனா நல்ல கவிஞர். அவருடைய நூலகமும் அதில் எரிந்தது. கோட்டையை மட்டும் பிடிக்க முடியவில்லை.

இத்தனைக்கும் பிறகுதான் ஸ்பானியர்களுக்கு உறைத்தது. முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக்கதவைத் திறந்து வைத்திருக்கிறோம் என்று. 1630களில் ஊரைச் சுற்றி மதில். கிழக்கே, தரைவழி வருகிற பக்கத்தில் சான் கிறிஸ்டோபல். அதுவும் சின்னதாக ஆரம்பித்ததுதான். 1765க்குப் பிறகு ஓரெய்லி, ஓடாலி என்ற இரண்டு பேர் திட்டம் போட்டுப் பெரிதாக்கினார்கள். பெயரைப் பார்த்தாலே தெரியும், ஸ்பானிய மன்னரிடம் வேலை பார்த்த அயர்லாந்துக்காரர்கள். முடிந்தபோது அமெரிக்கக் கண்டங்களில் ஸ்பெயின் கட்டிய கோட்டைகளிலேயே பெரியது அதுதான். ஏறக்குறைய 27 ஏக்கர். ஒரு மதிலை ஏறிப் பிடித்தால் அதற்குப் பின்னால் அதைவிட உயரமாக இன்னொன்று, அங்கிருந்து உங்கள் தலைமேல் சுடுவான்.

சும்மா_ஒருவன், அரை மணி நேரத்தில் நீங்கள் பார்த்தது கடலைப் பார்த்த முகத்தை. கோட்டை பயந்தது முதுகுக்கு.

சும்மா_ஒருவன்:
சரி சரி, இதெல்லாம் அங்கே யாரும் எனக்குச் சொல்லவில்லை. பலகையில் எழுதியிருந்திருக்கலாம். வெயிலில் யார் படிப்பது?

ஒரு சந்தேகம். இவ்வளவு செலவு செய்து கட்டி, கடைசியில் அமெரிக்காவிடம் எப்படிப் போயிற்று?

பழங்கணக்கு:
1797ல் அபர்கிராம்பி தலைமையில் ஆங்கிலேயர்கள் பெரும்படையோடு வந்தார்கள். கிழக்குப் பக்கம் இறங்கி, ஊருக்குள் போகும் பாலத்தைத் தாண்ட முடியாமல் இரண்டே வாரத்தில் கப்பலேறினார்கள். கொல்லைப்பக்கக் காவல் வேலை செய்தது.

1898 வேறு காலம். ஸ்பெயினுக்கும் அமெரிக்காவுக்கும் போர். மே 12 அன்று அமெரிக்கக் கடற்படை சில மணி நேரம் குண்டு வீசியது. எல் மோரோவின் கலங்கரை விளக்கம் சேதமாயிற்று. இப்போது நிற்பது 1908ல் கட்டியது. ஆனால் அமெரிக்கப் படை கரையிறங்கியது சான் ஹுவானில் இல்லை. ஜூலை 25ல், தீவின் தென்கரையில் குவானிக்கா என்ற இடத்தில். இரண்டு கோட்டையும் வடகரையில் பார்த்துக்கொண்டு நின்றன. டிசம்பரில் தீவை அமெரிக்காவுக்குக் கொடுக்கும் ஒப்பந்தம் பாரிஸில் கையெழுத்தாயிற்று. கொடியை இறக்கியது காகிதம்தான்.

கேள்விக்குறி:
வரலாறு சுவாரசியமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த இழையில் இதுவரை மன்னர், பிரபு, ஆளுநர், பொறியாளர் பெயர்தான் வந்திருக்கிறது. கல் சுமந்தது யார்? அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களும் கைதிகளும் அந்த வெயிலில் வேலை செய்திருக்கிறார்கள். உப்புக்காற்று நிழல் இல்லை என்று சொன்னாரே, அதே வெயில். கூலி பெற்ற கொத்தனார்களும் படைவீரர்களும் இருந்தார்கள்தான், மறுக்கவில்லை. பணமும் இந்தத் தீவின் பணம் இல்லை. மெக்சிகோ வெள்ளியிலிருந்து வருடா வருடம் அனுப்பிய மானியம். அந்த வெள்ளியை வெட்டி எடுத்தவர்கள் யார் என்று தனியாக ஒரு இழை போடலாம்.

கோட்டையைப் பார்க்காதீர்கள் என்று சொல்லவில்லை. 'என்ன கம்பீரம்' என்று படம் எடுத்துப் போடுவதோடு நின்றுவிடுகிறோம் என்கிறேன்.

உப்புக்காற்று:
நியாயமான பேச்சு. அதற்கு ஒட்டி ஒன்று சொல்கிறேன். பழங்கணக்கு 1797ல் கிழக்குப் பக்கம் என்று சொன்னாரே, அந்தப் பக்கம் கங்ரேஹோஸ் என்ற குடியிருப்பு இருந்தது. இன்றைய சாண்டுர்சே பகுதி. பக்கத்து ஆங்கிலேய, டேனிஷ், டச்சுத் தீவுகளில் அடிமையாக இருந்து தப்பி வந்தவர்கள், விடுதலை பெற்றவர்கள் எல்லாம் அங்கே குடியேறினார்கள். அப்படித் தப்பி வருகிறவர்களை விடுதலை செய்யலாம் என்று 1664லேயே ஸ்பானியர்கள் ஆணை போட்டிருந்தார்கள். இரக்கத்தில் இல்லை, எதிரியின் தீவு காலியானால் இவர்களுக்கு லாபம். சொந்தத் தீவில் அடிமை முறை 1873 வரைக்கும் நடந்தது. ஆனாலும் 1797ல் ஆங்கிலேயர்களை எதிர்த்து நின்றவர்களில் கங்ரேஹோஸ் ஊர்க்காவல் படையினர் இருந்தார்கள். கோட்டையில் அவர்களுக்குப் பெரிய சிலை ஏதும் நான் பார்த்ததில்லை.

இப்போது அங்கே நல்ல சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. அதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

கேள்விக்குறி:
கங்ரேஹோஸ் எனக்குத் தெரியாது. நன்றி.

கொத்தனார்_பேரன்:
மழைக்குருவி, உங்கள் அப்பா ஓவர்சீயர் என்றீர்களே, அவருக்காக இது. வெளியே தெரிகிற பழுப்புக் கல்லைப் பார்த்து முழுவதும் கற்கட்டு என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு பக்கமும் மணற்கல் சுவர், நடுவில் மண்ணும் மணலும் உடைகல்லும் போட்டு இடித்து நிரப்பியது. சில இடத்தில் மொத்தப் பருமன் 18 அடி வரை. குண்டு விழுந்தால் சுவர் விண்டு போகாமல் உள்ளே இருக்கும் நிரப்பு அடியை வாங்கிக்கொள்ளும். சாந்து முழுக்கச் சுண்ணாம்பு. மேலே காரைப் பூச்சும் இருந்தது. இன்று நாம் காண்கிற கரடுமுரடான சுவர், பூச்சு உதிர்ந்த சுவர். அந்தக் காலத்தில் பூசி, வண்ணமடித்து வழவழவென்று நின்றது. சில இடங்களில் திரும்பப் பூசியிருக்கிறார்கள். அதைப் பார்த்து 'புதிதாக சிமெண்ட் பூசிக் கெடுத்துவிட்டான்' என்று சுற்றுலாப் பயணிகள் திட்டுவதைக் கேட்டிருக்கிறேன். உண்மை தலைகீழ்.

சிமெண்ட் பூசினால் கல்லுக்குள் போன ஈரம் வெளியே வராது. கடற்கரையில் அந்த ஈரத்தோடு உப்பும் இருக்கும். உப்பு உள்ளேயே படிந்து கல்லைப் பொடிப்பொடியாக உதிர்க்கும். சுண்ணாம்பு மூச்சு விடும். தானும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து கல்லைக் காப்பாற்றும். எங்கள் தாத்தா சொல்வார், பூச்சு சாகலாம், சுவர் சாகக்கூடாது என்று. நம் ஊர்க் காரைவீட்டிலும் இதே கணக்குத்தான். கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைப்பது நம் கைப்பக்குவம், அவர்களிடம் அது கிடையாது.

மழைக்குருவி:
கொத்தனார்_பேரன், இதை அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். 'சரியாகச் சொல்கிறான்' என்றார். அவரிடமிருந்து இது பெரிய பாராட்டு. 'மழைத்தண்ணி எங்கே போகுதாம், அதைக் கேளு' என்கிறார்.

கொத்தனார்_பேரன்:
ஐயாவுக்குச் சொல்லுங்கள், அதுதான் அந்தக் கோட்டைகளின் உயிர். முற்றத்துத் தளமும் மேல்தளமும் வாட்டம் கொடுத்துக் கட்டியிருக்கிறார்கள். விழுகிற மழை எல்லாம் அடியில் இருக்கும் தொட்டிகளுக்குப் போகும். சான் கிறிஸ்டோபல் முற்றத்துக்குக் கீழே மட்டும் ஐந்து தொட்டி. மொத்தம் 7 லட்சம் காலனுக்கு மேல் பிடிக்கும். முற்றுகை போட்டால் தண்ணீருக்கு வெளியே போக வேண்டியதில்லை. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கரீபியக் கடலில் திரிந்தபோது, அதே தொட்டிகளைப் பதுங்குமிடமாகவும் வைத்திருந்தார்கள். அப்போது அமெரிக்க ராணுவம் கட்டிய கான்கிரீட் காவல் மேடைகள் இரண்டு கோட்டையின் உச்சியிலும் இன்னும் இருக்கின்றன. பழைய கல்லின் தலையில் சாம்பல் நிறப் பெட்டி. கண்ணுக்கு உறுத்தத்தான் செய்யும்.

தட்டுக்கடை:
சாப்பாடு பற்றி யாரும் பேசவில்லையே? அம்மா அப்பா சைவமா?

மழைக்குருவி:
அம்மா சுத்த சைவம். அப்பா மீன் மட்டும்.

உப்புக்காற்று:
அப்பா ராஜா. அம்மாவுக்குக் கொஞ்சம் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டும்.

மொஃபோங்கோ என்று ஒன்று எல்லாக் கடையிலும் இருக்கும். வாழைக்காயைப் பொரித்து, பூண்டு போட்டு உரலில் இடித்த உருண்டை. கேட்க நன்றாக இருக்கிறதா? உள்ளே பன்றித்தோல் வறுவலையும் சேர்த்து இடிப்பார்கள். 'சின் சிச்சரோன்' என்று சொன்னால் அது இல்லாமல் தருவார்கள். தோஸ்தோனேஸ் என்பது தட்டிப் பொரித்த வாழைக்காய், பயமில்லாமல் சாப்பிடலாம். ஆனால் பீன்ஸ் கறியில் பன்றி இறைச்சித் துண்டு இருக்கும். 'இறைச்சி உண்டா' என்று கேட்டால் இல்லை என்பார்கள். 'ஹமோன்' (உப்பிட்ட பன்றித்தொடை) உண்டா என்று தனியாகக் கேட்க வேண்டும். அவர்கள் அகராதியில் அது இறைச்சிக் கணக்கிலேயே வராது!

அவர்களுடைய விருந்துச் சாப்பாடு 'அரோஸ் கோன் கந்தூலேஸ்', அதாவது கந்தூலேஸ் போட்ட சோறு. கந்தூலேஸ் என்ன தெரியுமா? நம் பச்சைத் துவரை. நம் நாட்டில் தோன்றிய பயிர், ஆப்பிரிக்கா வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது. முதல்முறை தட்டில் பார்த்தபோது ஊரில் மார்கழியில் பச்சைத் துவரை உரித்த நினைவு வந்துவிட்டது. அதிலும் பெரும்பாலும் பன்றி இருக்கும், கேட்டு வாங்குங்கள். ஈரப்பலாவும் கிடைக்கும், அங்கே 'பனா' என்பார்கள். அம்மா கையில் கிடைத்தால் வறுவலே செய்துவிடுவார், சமையலறை உள்ள வாடகை வீடாகப் பாருங்கள்.

இன்னொன்று. திரும்பும்போது விமான நிலையத்தில் எல்லாப் பெட்டியையும் வேளாண்துறை சோதனைக்கு விட வேண்டும். மாம்பழம் வாங்கிப் பெட்டியில் வைக்காதீர்கள், எடுத்துவிடுவார்கள். அங்கேயே தின்றுவிடுங்கள்.

சும்மா_ஒருவன்:
டிரோன் பறக்க விடலாமா? அந்தப் புல்வெளி பார்த்தால் கை ஊறுகிறது.

தட்டுக்கடை:
கூடாது. தேசியப் பூங்காக்களில் டிரோனுக்குத் தடை. பட்டம் விடுங்கள், அதற்குத் தடை இல்லை.

உப்புக்காற்று:
அதைச் சொல்ல மறந்தேன். பட்டம்தான் அந்தப் புல்வெளியின் இன்றைய உயிர். ஊர்க்காரர்கள் 'சிரிங்கா' என்பார்கள். ஞாயிறு மதியம் குடும்பம் குடும்பமாக வந்து பாயை விரித்துவிட்டுப் பட்டம் விடுவார்கள். வடகிழக்குக் காற்று ஓயாமல் அடிக்கும், ஓட வேண்டியதே இல்லை, கையை உயர்த்தினால் போதும். ராணுவம் இருந்த காலத்தில் அங்கே கோல்ஃப் ஆடினார்களாம். ராணுவம் முழுவதுமாக வெளியேறியது 1961ல்தான்.

சும்மா_ஒருவனோடு போட வேண்டிய சண்டை பாக்கி இருக்கிறது. அண்ணே, நீங்கள் மேலே மட்டும் நின்று பார்த்தீர்கள். ஊர்ப்பக்கம் சான் ஹுவான் வாசல் என்று சிவப்பு வண்ணத்தில் ஒரு பழைய மதில் வாசல் இருக்கிறது. அதன் வழியாக வெளியே வந்தால் மதிலுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு நடைபாதை. சாயங்காலம் அதில் நடந்து போய், எல் மோரோவின் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். 140 அடி. உள்ளே வந்த கப்பல்காரனுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று அப்போது புரியும். வழியெல்லாம் பூனைகள், யாரையும் சட்டை செய்யாது. ஆனால் அந்தப் பாதையிலிருந்து கோட்டைக்குள் ஏற வழி கிடையாது. போன வழியே திரும்பி வரவேண்டும். இது தெரியாமல் ஒருமுறை என் மாமியாரை நடக்க வைத்து ஒரு வாரம் பேச்சு வாங்கினேன்.

மழைக்குருவி:
போய் வந்துவிட்டோம்! பதில் சொன்ன எல்லாருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். விவரம் எழுதுகிறேன்.

ஆவணம் யாரும் கேட்கவில்லை. மாம்பழம் வாங்கவில்லை.

முதல் நாள் எல் மோரோ. காலை 9.30க்கே வாசலில் நின்றோம். துறைமுகத்தில் அன்றைக்கு இரண்டு உல்லாசக் கப்பல் நின்றது, பதினொன்றுக்குள் முற்றம் நிறைந்துவிட்டது. அப்பா புல்வெளியை மெதுவாக, மூன்று இடத்தில் நின்று நின்று கடந்தார். உள்ளே போனதும் பீரங்கிப் பக்கம் போகவே இல்லை. நேராகச் சுவர் ஓரம் போய், பூச்சு உதிர்ந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். 'சல்லடை சரியாகப் போடவில்லை, மணல் பெரிதாக இருக்கு' என்று நானூறு வருடத்துக்கு முந்தைய கொத்தனார் மேல் குறை. பிறகு வளைவுக்கூரை அறைக்குள் போய் மேலே பார்த்துக்கொண்டு நின்றவர் ரொம்ப நேரம் பேசவில்லை.

சரிவு வழியாகக் கீழே இறங்கக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன். நான் தண்ணீர்ப் புட்டி நிரப்பப் போன நேரத்தில் இறங்கிவிட்டார். ஏறி வர இருபது நிமிடம். அம்மா அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

இரண்டாம் நாள் சான் கிறிஸ்டோபல். கொத்தனார்_பேரன் சொன்ன தொட்டிதான் அவருக்கு உச்சம். அங்கே இருந்த பூங்கா ஊழியரிடம் என்னை மொழிபெயர்க்கச் சொல்லி, வாட்டம் எவ்வளவு, தொட்டி உட்பூச்சு என்ன, வண்டல் எப்படி எடுத்தார்கள் என்று கேட்டுத் துளைத்தார். அந்த அம்மாள் சலிக்காமல் பதில் சொன்னார். சிறை அறைச் சுவரில் யாரோ கைதி கப்பல்களை வரைந்து வைத்திருக்கிறான், பாய்மரம் கயிறு எல்லாம் துல்லியமாக. கேள்விக்குறி எழுதியது அப்போது ஞாபகம் வந்தது. அப்பாவிடம் சொன்னேன். 'கல்வெட்டிலேயும் நம்ம ஆளு பேர் இருக்காதே' என்றார்.

மாலை திரும்ப எல் மோரோ புல்வெளிக்குப் போனோம், அம்மா பட்டம் விட வேண்டும் என்றதால். அம்மா! வாழ்நாளில் பட்டம் தொட்டதில்லையாம், அவர் காலத்தில் பெண்பிள்ளைகள் கையில் கொடுக்க மாட்டார்களாம். கலங்கரை விளக்கத்துக்கு மேலே ஏற்றிவிட்டார். கடைசியில் நூல் அறுந்து, கீழே கடலோரம் இருக்கும் அந்தப் பழைய கல்லறைத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டது. அப்பாவோடு அதன் பிறகுதான் பேச ஆரம்பித்தார்.

சும்மா_ஒருவன்:
சரி, ஒப்புக்கொள்கிறேன், அடுத்த தடவை ஒரு நாள் ஒதுக்குகிறேன். பட்டம் என்ன விலை?

மழைக்குருவி:
எட்டு டாலர். நூலைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், கூடவே தருகிற நூல் சரியில்லை.